எண்ணிக்கை குறைந்ததா, கண்ணில் படுவது குறைந்ததா? பழைய புள்ளிக் கணக்கெடுப்பை மறுபடி எடுப்பது பற்றி

#1 கரிச்சான்
புதரும் புல்வெளியும் கலந்த நிலம், ஒரு ஓரத்தில் ஆழமில்லாத நீர்நிலை. 2012-ல் எடுத்த பறவைப் புள்ளிக் கணக்கெடுப்பு (குறித்த இடங்களில் நின்று எண்ணுவது) கையில் இருக்கிறது. 40 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் 10 நிமிடம், தூர வரம்பு கிடையாது, பார்த்ததும் கேட்டதும் சேர்த்து ஒரே எண். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே புள்ளிகளில் எடுத்தால் மொத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. வானம்பாடியும் நெட்டைக்காலியும்தான் அதிகம் அடி வாங்கியிருக்கின்றன. செயற்கைக்கோள் படத்திலோ பசுமை கூடியிருக்கிறது. "புதர் மண்டியதால் புல்வெளிப் பறவைகள் குறைந்தன" என்று அறிக்கையில் எழுதலாமா? எழுதும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும், அடுத்த பருவத்தில் எதை மாற்ற வேண்டும்?

#2 சராசரி
இப்போதைக்கு எழுத முடியாது. உங்கள் அட்டவணையில் இருப்பது பறவைகளின் எண்ணிக்கை அல்ல. எண்ணிக்கையைக் கண்டறியும் வாய்ப்பால் பெருக்கி வந்த தொகை. அந்த வாய்ப்பு 0.5-லிருந்து 0.4-க்கு இறங்கினாலே, ஒரு பறவைகூடக் குறையாமல் உங்கள் எண் 20% குறையும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புதர் வளர்ந்தால் பறவை குறையலாம். அதே புதர் பறவையை மறைக்கவும் செய்யும். காரணம் என்று நீங்கள் சந்தேகிப்பதே அளவுகோலையும் கெடுக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் எழுதினால், முதல் மதிப்பீட்டாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

மூன்று கேள்விகள். பழைய குறிப்பில் ஒவ்வொரு வருகையும் தனித்தனியாக இருக்கிறதா, கூட்டுத்தொகை மட்டுமா? எண்ணியவர்கள் அதே ஆட்களா? புள்ளிகளை 2012-ல் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

#3 ஆள்காட்டி
எண்ணியவர் யார் என்ற கேள்வியைப் பலர் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு 1966 முதல் நடக்கிறது. ஒரு பாதைக்கு 50 நிறுத்தம், நிறுத்தத்துக்கு 3 நிமிடம். அவ்வளவு கறாரான முறையிலேயே, ஒருவர் ஒரு பாதையில் முதல் முறை எண்ணும் ஆண்டில் குறைவாகவே எண்ணுகிறார் என்று தெரிந்து, பகுப்பாய்வில் அதற்குத் தனியாக ஒரு காரணி வைக்கிறார்கள். உங்கள் புதிய குழுவுக்கு இது முதல் ஆண்டுதானே?

காதையும் கவனியுங்கள். வயது ஏற ஏற முதலில் போவது உச்ச அதிர்வெண். 7, 8 கிலோஹெர்ட்ஸில் பாடும் சிறு பறவைகள் அனுபவசாலியின் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறையும், அவருக்கே தெரியாது. குறைந்த இனங்களைக் குரலின் அதிர்வெண்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். மெல்லிய உச்சக்குரல் இனங்கள் மட்டும் குறைந்திருந்தால் நிலத்தைச் சந்தேகிக்கும் முன் காதைச் சந்தேகியுங்கள்.

#4 கரிச்சான்
> மூன்று கேள்விகள்

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று வருகை, தனித்தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் வேறு. புள்ளிகளைப் பற்றி "பறவைகள் நன்றாகத் தென்படும் இடங்கள், பாதையை ஒட்டி" என்று ஒரு வரி மட்டும். தேதி இருக்கிறது, நேரத்துக்கு "காலை" என்று மட்டும்தான்.

#5 சராசரி
வருகைகள் தனித்தனியாக இருப்பதுதான் உங்கள் புதையல். விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் குழு 1904 முதல் கலிஃபோர்னியாவில் எழுதிவைத்த களக்குறிப்புகள் இன்றைக்கும் பயன்படுவது இதனால்தான். அவர்கள் இனப்பட்டியலை நாள்வாரியாக எழுதினார்கள். நூறாண்டு கழித்து அதே இடங்களுக்குப் போனவர்களால், அந்தக் காலத்துக் கண்டறியும் வாய்ப்பையும் தனியே கணக்கிட முடிந்தது. மொஹாவே பாலைவனத்தில் ஓர் இடத்துக்குச் சராசரியாக 43% இனங்கள் இல்லாமல் போயின என்ற 2018-ம் ஆண்டு முடிவு அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது. அதனால்தான் அதற்கு எடை.

உங்கள் அளவில் இது எப்படி வேலை செய்யும்? ஓர் இனம் உண்மையில் 20 புள்ளிகளில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வருகையில் கண்டறியும் வாய்ப்பு 0.4 என்றால், மூன்று வருகையில் ஒரு முறையாவது பதிவாகும் வாய்ப்பு 1 − 0.6³ = 0.78. குறிப்பேட்டில் 16 புள்ளி தெரியும். வாய்ப்பு 0.2 ஆகிவிட்டால் 1 − 0.8³ = 0.49, அதாவது 10 புள்ளி. பறவை அதே 20 இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வரைபடமோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்ததாகக் காட்டும்.

ஆகவே இரு காலத் தரவையும் ஒரே ஆக்குபன்சி மாடலில் (இனம் அங்கே இருக்கும் வாய்ப்பையும், இருந்தால் கண்டறியும் வாய்ப்பையும் தனித்தனியே மதிப்பிடும் கணக்கு) போடுங்கள். ஆர் மென்பொருளில் 'அன்மார்க்டு' தொகுப்பு போதும். கண்டறியும் வாய்ப்பின் பக்கம் காலகட்டம், தேதி, புதர் அடர்த்தி மூன்றையும் வையுங்கள். எண்ணியவரைச் சேர்க்க முடியாது. ஆட்கள் முழுதாக மாறிவிட்டதால் அந்த விளைவு காலகட்டத்துக்குள் கரைந்துவிடும். இரண்டும் கண்டறியும் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய சேதமில்லை. ஆனால் "யாரால் குறைந்தது" என்று பிரித்துச் சொல்ல வராது.

எண்ணிக்கைகளை வைத்து, மொத்தப் பறவைகள் எத்தனை என்றே மதிப்பிடும் என்-மிக்ஸ்சர் மாடல் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். மூன்று வருகைத் தரவில் அது ஒரு விடையைக் கொடுக்கும், அழகான நம்பிக்கை இடைவெளியோடு. ஆனால் ஒரே பறவை இரு முறை எண்ணப்பட்டதா, வருகைகளுக்கு இடையே பறவைகள் உள்ளே வெளியே போயினவா என்பதில் சின்னப் பிசகு இருந்தாலும் விடை எங்கேயோ போய் நிற்கும். துணைத் தகவல் இல்லாமல் அதை நம்ப மாட்டேன்.

புள்ளித் தேர்வுதான் எனக்கு அதிகக் கவலை. "நன்றாகத் தென்படும் இடங்கள்" என்றால், அந்த ஆண்டு தற்செயலாக நிறைய இருந்த இடங்களும் அதில் சேர்ந்திருக்கும். அவை பிறகு சராசரிக்குத் திரும்பினாலே சரிவு போலத் தோன்றும். மாற்று மருந்து ஒன்றுதான். அடுத்த பருவத்தில் 40-க்கு வெளியே, கட்டம் போட்டுக் குலுக்கலில் 20 புதுப் புள்ளிகள் சேருங்கள். பழைய காலத்தை அது திருத்தாது. ஆனால் பழைய புள்ளிகள் நிலத்துக்கு எவ்வளவு பிரதிநிதி என்று தெரியும், இனிமேலான போக்கும் சுத்தமாக வரும்.

#6 ஆள்காட்டி
களத்தில் என்ன மாற்றுவது என்பதற்கு வருகிறேன். முதல் விதி: பழைய முறையை உடைக்காதீர்கள். 10 நிமிடம், வரம்பில்லாத் தூரம் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் கூடுதல் தகவலை ஏற்றுங்கள். பிறகு வேண்டியபோது கூடுதலைக் கழித்துப் பழைய எண்ணை அப்படியே எடுக்கலாம்.

ஏற்ற வேண்டியவை:

தூரப் பட்டை. 0–25, 25–50, 50–100, 100 மீட்டருக்கு மேல். மேலே கடந்து பறந்தவை தனிப் பத்தி. அவற்றை அடர்த்திக் கணக்கில் சேர்க்கவே கூடாது. லேசர் தூரமானியைப் பறவை மீது வைக்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் புதரின் மீது வையுங்கள். பறவை முதலில் இருந்த இடத்துக்குத்தான் தூரம். நீங்கள் நடந்து வரும்போது எழும்பிப் போனதையும் எழும்பிய இடத்திலிருந்து அளந்து எழுத வேண்டும். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். விட்டால் புள்ளிக்கு அருகே பறவை இல்லாத வளையம் ஒன்று உருவாகி, கணக்கு முழுவதும் வளைந்துபோகும்.

கண்மதிப்பில் தூரம் எழுதினால் 10, 20, 50 என்று முழு எண்களில் குவியும். பட்டை முறை அதைக் கொஞ்சம் காப்பாற்றும். இருந்தாலும் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் புள்ளிக் கணக்கில் பரப்பு தூரத்தின் வர்க்கத்தோடு மாறும். எல்லாத் தூரத்தையும் 10% குறைத்து மதிப்பிட்டால் பரப்பு 0.81 ஆகச் சுருங்கி, அடர்த்தி 23% ஊதிக் காட்டும்.

நேரத் துண்டு. 0–3, 3–5, 5–10 நிமிடம். ஒவ்வொரு பறவையும் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட துண்டில் மட்டும். முதல் துண்டில் எத்தனை, கடைசியில் எத்தனை புதிதாக வந்தன என்பதிலிருந்து, அங்கே இருக்கும் பறவை எவ்வளவு சீக்கிரம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று கணக்கிடலாம். அடர்த்திக்கு முதல் 5 நிமிடத்தை மட்டும் எடுப்பது நல்லது. நேரம் நீள நீள வெளியிலிருந்து பறவைகள் உள்ளே வந்து எண்ணை உயர்த்தும்.

பார்த்ததா, கேட்டதா. ஒரு எழுத்து போதும்: பா, கே. இதன் பயன் கீழே சராசரி சொல்வார் என்று நினைக்கிறேன்.

காற்று பியூஃபோர்ட் அளவையில் 3-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடுவதுதான் 3, மணிக்கு 12 முதல் 19 கி.மீ. மழையில் எடுக்க வேண்டாம். நேரத்தைக் கடிகாரப்படி இல்லாமல் சூரிய உதயத்திலிருந்து இத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். புள்ளிகளைச் சுற்றி வரும் வரிசையை வருகைக்கு வருகை திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் 40-ம் புள்ளி எப்போதும் வெயிலில்தான் மாட்டும்.

#7 சராசரி
> பார்த்ததா, கேட்டதா

சொல்கிறேன். வானம்பாடி வானில் ஏறிப் பாடும். புதர் அதை அவ்வளவாக மறைக்காது. நெட்டைக்காலியைப் பெரும்பாலும் தரையில் பார்க்கிறோம், அல்லது காலடியில் எழும்பும்போது. புதர் வளர்ந்தால் அது மறைந்துவிடும். ஆகவே உங்கள் தரவில் வானம்பாடியின் சரிவு நெட்டைக்காலியின் சரிவைவிட நம்பகமானது என்பது என் ஊகம். பாட்டால் மட்டும் பதிவான இனங்கள் நிலைத்து நிற்க, கண்ணால் பதிவாகும் இனங்கள் மட்டும் சரிந்திருந்தால் குற்றவாளி மறைப்புதான்.

தூரக் கணக்குக்கு ஓர் இனத்துக்கு 75 முதல் 100 பதிவாவது வேண்டும். அரிய இனங்களுக்கு அது கிடைக்காது. குரலும் பழக்கமும் ஒத்த இனங்களைச் சேர்த்து ஒரே கண்டறிதல் வளைவு (தூரம் கூடக் கூடக் கண்டறியும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பது) வரையுங்கள். தொலைவில் கிடைத்த கடைசி 10 சதவீதத்தை வெட்டிவிடலாம்.

#8 உள்ளான்
தேதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. "அதே தேதியில் எடுத்தோம்" என்பது ஒப்பீட்டுக்குப் பாதுகாப்பு போலத் தெரியும், ஆனால் பொறி. பருவம் நகர்ந்துகொண்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் கிரின்னெல் காலத்தோடு ஒப்பிட்டால் பறவைகள் 5 முதல் 12 நாள் முன்னதாகக் கூடு கட்டுகின்றன. ஆண் பறவை அதிகம் பாடுவது ஜோடி சேரும் முன்பு. அடைகாக்கத் தொடங்கியதும் பாட்டு குறையும். நாட்காட்டியில் அதே தேதியில் நிற்கும் நீங்கள், பறவையின் நாட்காட்டியில் தாமதமாக வந்து சேர்கிறீர்கள். மூன்று வருகையையும் பருவத்தின் தொடக்கம், நடு, இறுதி என்று பரப்பி, மாடலில் தேதியையும் அதன் இருமடியையும் சேருங்கள்.

பருவ நகர்வு உண்மையிலேயே எண்ணிக்கையைக் குறைக்கவும் செய்யும், அது வேறு கதை. நெதர்லாந்தில் கம்பளிப்புழு உச்சம் முன்னே போக, ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானால் அதற்கு ஈடு கொடுத்து முன்னேற முடியவில்லை. புழு உச்சம் மிக முன்னதாக வரும் காடுகளில் 1987 முதல் 2003-க்குள் அது 90% அளவுக்குச் சரிந்தது என்று 2006-ல் வெளியிட்டார்கள். அங்கே மரம், காடு எல்லாம் படத்தில் பார்த்தால் அப்படியே இருந்தது.

நீர்நிலைக்கு ஒரு வார்த்தை. அங்கே பரப்பை அளக்காதீர்கள், ஆழத்தை அளங்கள். சிறு உள்ளான்கள் மேயும் நீர் ஏறத்தாழ 4 செ.மீ.க்குள். மேய்வாத்துகளுக்கு 5 முதல் 25 செ.மீ. வரை சரிப்படும். நீர்மட்டம் ஒரு விரல்நீளம் ஏறினால் சிறு உள்ளான்கள் மொத்தமும் கிளம்பிவிடும், செயற்கைக்கோளில் ஏரி அதே அளவில் மின்னிக்கொண்டிருக்கும். சென்டிமீட்டர் குறியிட்ட அளவுகோல் ஒன்றை அசையாத இடத்தில் ஊன்றுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே 5 மீட்டருக்கு ஒரு முறை ஆழம் எடுத்து, சரிவின் குறுக்குவெட்டை ஒரே முறை வரைந்து வைத்துக்கொண்டால் போதும். அதன் பிறகு ஊன்றுகோலில் ஒரு எண் படித்தாலே, 4 செ.மீ.க்குக் குறைவான சேற்றுப்பட்டை எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டுவிடலாம்.

#9 மேலிருந்து
> பசுமை கூடியிருக்கிறது

எந்த செயற்கைக்கோள்? 2012 என்றாலே எனக்குக் கை உதறும். லேண்ட்சாட் 5-ன் முதன்மைக் கருவி 2011 நவம்பரில் நின்றது. லேண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013 பிப்ரவரியில். நடுவில் இருந்தது லேண்ட்சாட் 7 மட்டும், அதுவும் 2003 மே மாதத்தில் படவரிகளைச் சீராக அடுக்கும் வரிதிருத்தி பழுதாகி, படத்துக்கு 22% அளவு பிக்சல் இல்லாமல் கோடு கோடாக வரும் படம். சென்டினல்-2 அப்போது பிறக்கவே இல்லை, 2015-ல்தான் வந்தது.

அதாவது நீங்கள் ஒப்பிட்டது பெரும்பாலும் லேண்ட்சாட் 7-ஐயும் 8-ஐயும். ஒரே தரையைப் பார்த்தாலும் 8 தரும் பசுமைக் குறியீடு 7-ஐவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், அலைவரிசைகள் வேறு என்பதால். சமன்படுத்தும் கெழுக்கள் வெளியாகியிருக்கின்றன. அவற்றைப் போட்டபின் "கூடிய பசுமை"யில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, பசுமைக் குறியீட்டுக்குப் புல் எது, புதர் எது என்று தெரியாது. நல்ல மழை பெய்த ஆண்டின் புல்லும் வறண்ட ஆண்டின் புதரும் ஒரே எண் தரலாம். புல் காய்ந்து பழுப்பாகும் மாதத்துப் படங்களை மட்டும் எடுங்கள். அப்போதும் பச்சையாக நிற்பது மரமும் புதரும்தான். ஒரே தேதிப் படத்தை நம்பாமல், அந்தப் பருவத்தில் மேகமில்லாத படங்களையெல்லாம் சேர்த்துப் பிக்சலுக்கு இடைநிலை எண் எடுங்கள். கோடுகளும் ஓரளவு நிரம்பிவிடும்.

30 மீட்டர் பிக்சலை 50 மீட்டர் ஆரப் புள்ளியோடு பொருத்தும்போது வட்டத்துக்குள் ஒன்பது பிக்சலுக்கும் குறைவாகவே விழும், எல்லைப் பிக்சல்கள் பாதி வெளியே. ஆகவே தரையிலும் அளங்கள். புள்ளியிலிருந்து நாற்றிசையும் 50 மீட்டர் நாடாவை விரித்து, நாடாவின் மேல் புதர் கவிந்திருக்கும் நீளத்தைக் கூட்டுங்கள். 200 மீட்டரில் 46 மீட்டர் என்றால் 23% மூடல். இரண்டு பேருக்கு ஒரு புள்ளி பத்து, பதினைந்து நிமிடம். படத்தில் தலைகீழாய் நின்றாலும் கிடைக்காத தகவல் இது.

#10 ஒலிவாங்கி
ஆள் மாறினால் பிரச்சினை, காது மங்கினால் பிரச்சினை. தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியெல்லாம் கிடையாதே?

#11 ஆள்காட்டி
வேறு தலைவலி வரும். 2012-க்கு ஒலிப்பதிவு இல்லை, ஒப்பிட எதுவும் கிடையாது.

#12 ஒலிவாங்கி
ஒப்புக்கொள்கிறேன், பின்னோக்கிப் பயனில்லை. ஆனால் முன்னோக்கி அதுதான் நிரந்தரச் சாட்சி: இன்றைய பதிவைப் பத்தாண்டு கழித்து வேறொருவர் கேட்டுத் திருத்தலாம், இன்றைய எண்ணைத் திருத்த முடியாது. நிபந்தனைகள் மட்டும் உண்டு.

ஆடியோமாத் போன்ற கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 346 எம்பி. விடியலில் மூன்று மணி நேரம் என்றால் நாளுக்கு ஒரு ஜிபி கணக்கு. 32 கிலோஹெர்ட்ஸ் போதுமே என்று குறைக்கலாம், மணிக்கு 230 எம்பி ஆகும், பறவைக் குரல்களும் அடங்கும். குரலைக் கேட்டு இனத்தைச் சொல்லும் பேர்ட்நெட் மென்பொருள் உள்ளே 48-க்கு மாற்றித்தான் 3 நொடித் துண்டுகளாகப் படிக்கிறது. எதை வைத்தாலும் எல்லா ஆண்டும் அதையே வையுங்கள். ஒலிப்பெருக்க அளவையும் பூட்டிவிடுங்கள். ஒரு படி கூட்டினால் மெல்லிய குரல்களும் பதிவாகும், மறு ஆண்டு "பறவைகள் பெருகின" என்று வரும்.

வழக்கமாகச் சொதப்புவது: பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் போய்விடும், மாட்டியபின் நேரம் திரும்ப அமைக்க வேண்டும். கோப்புப் பெயரில் நேரம் இயல்பாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். மைக் துளை மேல்நோக்கி இருந்தால் மழைத்துளியில் சவ்வு ஊறி உணர்திறன் மெல்ல மெல்ல இறங்கும், ஒரே நாளில் செத்தால் தெரியும், இது தெரியாது. பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தூரத்தில் ஒரே ஒலியை ஒலிக்கவிட்டு அளந்து வையுங்கள்.

பேர்ட்நெட் தரும் மதிப்பெண் நிகழ்தகவு அல்ல. 0.8 என்றால் 80% சரி என்று பொருளில்லை. ஓர் இனத்தில் 0.3-லேயே சரியாக இருக்கும், இன்னோர் இனத்தில் 0.9-லும் தவளை மாட்டும். ஒவ்வோர் இனத்துக்கும் மதிப்பெண் அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்குச் சம எண்ணிக்கையில் குலுக்கி எடுத்துக் காதால் சரிபாருங்கள். அதன் மேல், மதிப்பெண்ணுக்கு ஏற்பச் சரியாக இருக்கும் வாய்ப்பைக் காட்டும் லாஜிஸ்டிக் வளைவு பொருத்தி, 95% சரியாக இருக்கும் வெட்டுப்புள்ளியை இனவாரியாக எடுங்கள். பொது வெட்டுப்புள்ளி வைத்த வேலையை நான் படிப்பதுகூட இல்லை.

சுற்றுப்புற இரைச்சலும் சேர்த்தி. இரைச்சல் மிகுந்த இடங்களில் பெருஞ்சிட்டு தாழ் அதிர்வெண்ணைத் தவிர்த்து உயர்த்திப் பாடுகிறது என்று 2003-ல் லைடனில் காட்டினார்கள். 2020-ல் சான் பிரான்சிஸ்கோவில் போக்குவரத்து அடங்கியதும் வெள்ளைக்கொண்டைச் சிட்டுகள் சத்தம் குறைத்துப் பாடின, ஆனாலும் அதிகத் தூரத்துக்குக் கேட்டது. பக்கத்தில் 2012-க்குப் பிறகு சாலை வந்திருந்தால் அது மனிதக் காதையும் கெடுத்திருக்கும்.

#13 வால்காக்கை
சரி, எல்லாத் திருத்தமும் போட்டபின் சரிவு நிற்கிறது என்று வைப்போம். புதர்தான் காரணமா? ஒரே நிலத்தில் முன், பின் மட்டும் வைத்திருந்தால் சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆண்டில் புதர் மட்டுமா மாறியது? உங்களிடம் இருக்கும் ஒரே நெம்புகோல், 40 புள்ளிகளிலும் புதர் ஒரே அளவு வளரவில்லை என்பது. புள்ளிக்குப் புள்ளி புதர் மூடலில் ஏற்பட்ட மாற்றத்தை ஒரு பக்கமும் இனத்தின் மாற்றத்தை மறுபக்கமும் வையுங்கள். புதர் மாறாத புள்ளிகளிலும் அதே அளவு சரிவு என்றால் காரணம் வேறு எங்கோ.

வலசை வருபவற்றுக்கு "வேறு எங்கோ" ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆஸ்திரேலியாவில் எண்ணப்படும் கரைப்பறவைகளில் எது எவ்வளவு சரிந்தது என்பதை, மஞ்சள் கடலின் சேற்றுத்திட்டுகளை அது எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியக் கரையை எவ்வளவு அளந்தாலும் விடை வராது. ஆகவே முதலில் தங்கு பறவை, வலசை என்று பிரித்துவிடுங்கள்.

தங்கு பறவையிலும் படத்தில் தெரியாத காரணங்கள் உண்டு. வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகு இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9% சரிந்தபோது வாழிடத்தில் எதுவும் மாறவில்லை. காரணம் கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்து என்று 2004-ல்தான் தெரிந்தது. நூறு கால்நடைச் சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே அவ்வளவு சரிவு வரும் என்று கணக்கும் காட்டினார்கள். ஐரோப்பாவில் 28 நாடுகளின் தரவில் விளைநிலப் பறவைகள் 1980 முதல் 2016 வரை 57% குறைந்தன. 2023-ல் வந்த அந்த ஆய்வு முதன்மைக் காரணமாகக் காட்டியது பூச்சிக்கொல்லி, உரம் மிகுந்த தீவிர வேளாண்மையை. வானம்பாடி குஞ்சுக்குப் பூச்சிதான் இரை. புதரை அளக்கும் அதே நாடாவின் மேல் குழிப்பொறி (தரைமட்டத்தில் புதைத்த குவளை) வைத்துப் பூச்சி எடையையும் எடுங்கள்.

#14 கரிச்சான்
பூச்சி எடைக்கு 2012-ல் ஒப்பீடு இல்லை, ஆனால் புள்ளிக்குப் புள்ளி வேறுபாட்டுக்குப் பயன்படும், புரிகிறது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, பறவை பார்ப்பவர்கள் பதிவேற்றும் இபேர்ட் தளத்தில் பட்டியல்கள் கிடக்கின்றன. அவற்றை வைத்து இடைவெளியை நிரப்பலாமா?

#15 சராசரி
கவனமாக. முழுப் பட்டியல் என்று குறிக்கப்பட்டவை மட்டும். இல்லாவிட்டால் "பார்க்கவில்லை" என்பதற்கும் "எழுதவில்லை" என்பதற்கும் வித்தியாசம் தெரியாது. 5 மணி நேரம், 5 கி.மீ., 10 பேர் இவற்றைத் தாண்டியவற்றைக் கழியுங்கள். குழுவாகப் போனவர்கள் பகிர்ந்த பட்டியல் ஆளுக்கொன்றாக இருக்கும், ஒன்றாக்குங்கள். மெர்லின் செயலி 2021-ல் குரலை அடையாளம் காட்டத் தொடங்கியது. அதன் பிறகு குரல்வழி இனங்களின் பதிவு ஏறியிருந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு, பட்டியலில் எத்தனை சதவீதத்தில் அந்த இனம் இருந்தது என்பதை மட்டும் எடுங்கள். பட்டியலின் நீளமும் நேர அளவும் மாடலுக்குள் போகட்டும்.

இன்னொன்று. மூன்றில் ஒரு பங்கு சரிவு என்பது பன்னிரண்டு ஆண்டில் ஆண்டுக்கு 3.3 சதவீதம். ஒரு மழை நன்றாகப் பெய்தாலே அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் வரும். இந்த ஒரு பருவத்தை மட்டும் வைத்து மறுமுனையை நட்டுவிடாதீர்கள். குறைந்தது மூன்று பருவம்.

#16 கரிச்சான்
பழைய குழுவில் ஒருவர் இன்னும் தொடர்பில் இருக்கிறார். அவரையும் புதியவரையும் ஒன்றாக அனுப்பினால் ஏதாவது தேறுமா?

#17 ஆள்காட்டி
தேறும், ஆனால் ஒன்றாக நின்று பேசிக்கொண்டு எண்ணக் கூடாது. ஒரே புள்ளியில் ஒரே 10 நிமிடம், முதுகோடு முதுகு, தனித்தனித் தாள், கை நீட்டிக் காட்டுவது கூடாது. ஒவ்வொரு பறவையையும் திசையோடு வட்ட வரைபடத்தில் குறிக்கட்டும். முடிந்தபின் ஒப்பிட்டு எது பொது, எது ஒருவருக்கு மட்டும் என்று பிரியுங்கள். பழையவர் கண்டவற்றில் புதியவர் எத்தனை கண்டார் என்பது புதியவரின் கண்டறியும் வாய்ப்பு, மறுபக்கமும் அப்படியே. ஒரு எச்சரிக்கை: இதில் கிடைப்பது அவருடைய இன்றைய காது. 2012-ல் இருந்த காது அல்ல. 20 புள்ளி போதும், புதர் அடர்ந்தவை பாதி, திறந்தவை பாதி.